புன்னைத்துறை தாழவில்லை

அண்டாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஏணியில் ஏறிக்கொண்டிருந்தாள் பிலோமி. அண்டாவுக்குள் அவளுடைய மூச்சே அவளுக்குப் புயல் மாதிரி கேட்டது.

"விழுந்தா அண்டாவுக்கு ஒண்ணும் ஆவாது, உனக்குத்தான் ஆவும்!" கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த அவள் கணவன் இன்னாசி கத்தினான். "இறங்குட்டி!"

"நீங்க ஏணியை மட்டும் பிடிங்க. மணி என்ன?"

"பன்னெண்டு ஆவப்போவுது."

பிலோமி இரண்டு இரண்டு படியாகத் தாவினாள். மீன் ஏலக்கூடத்தின் மொட்டை மாடி வெயிலில் கொதித்தது. நடுவில் ஓர் இரும்புக் கம்பம். அதன் தலையில், கவிழ்த்து வைத்த இட்லி போல ஒரு வெள்ளைக் குமிழ். வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களோடு ராத்திரி பகலாகப் பேசி, புன்னைத்துறையின் தரை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று மயிரிழை பிசகாமல் சொல்லும் குமிழ். படகுத்துறையில் இருக்கும் அலைமானி தண்ணீரின் மட்டத்தைச் சொல்லும். இரண்டையும் கூட்டிக் கழித்து ஒவ்வொரு நண்பகலும் தீர்ப்பு எழுதுவது கரை ஆணையத்தின் இயந்திரம். கரைச் சட்டம் வந்த பிறகு அதற்கு மேல் கோர்ட்டும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. இன்றைய தீர்ப்பில் கடல் சிவப்புக் கோட்டைத் தாண்டினால் புன்னைத்துறை என்ற ஊர் காலி.

பிலோமி அண்டாவைத் தூக்கிக் குமிழின் மேல் கவிழ்த்தாள். டங்கென்று சத்தம். இடுப்பில் செருகியிருந்த கயிற்றால் அண்டாவின் காதுகளைக் கம்பத்தோடு சேர்த்து இறுக்கினாள். கைப்பேசியில் பச்சையாக ஓடிக்கொண்டிருந்த எண்கள் தடுமாறின. பிறகு வெறும் கோடுகளாயின.

'வானத் தொடர்பு இல்லை. நண்பகல் தீர்ப்பு நிறுத்திவைக்கப்படுகிறது. ஆய்வு அதிகாரி நேரில் வருவார்' என்றது ஆணையத்தின் குரல், ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி.

பிலோமி அப்படியே மாடியில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு வந்தது. இந்த நிலையத்தின் காப்பாளர் அவள்தான். காப்பாளரே குமிழின் கண்ணைக் கட்டினால் வேலை போகும், கேஸும் வரலாம். வரட்டும். ஒரு மனுஷன் நேரில் வந்து பார்க்கட்டும். அதுதான் அவளுக்கு வேண்டும்.

"எவட்டி என் அண்டாவ எடுத்தது?"

கீழே கிரகோரியம்மாளின் குரல். மீன்காரப் பெண்கள் சங்கத்தின் தலைவி, இன்னாசிக்குச் சொந்த அத்தை, புன்னைத்துறையின் ஒலிபெருக்கி. 'எங்க பொணத்து மேல நடந்து போயித்தான் இந்த ஊரைக் காலி பண்ண முடியும்' என்று கலெக்டர் முகத்துக்கு நேராகச் சொன்னவள்.

பிலோமி ஏணியில் இறங்கினாள். "நான்தான் மாமி. நாளைக்குக் கோயில்ல ஊருக்கே போடுத அசனச் சோத்துக்கு முந்தி தந்துருதேன்."

"ரசம் வைக்கிற அண்டாவக் கொண்டுபோயி எங்கன வச்ச?"

"குமிழ் மேல கவுத்திருக்கேன். இனி மிஷின் தீர்ப்பு சொல்லாது. அதிகாரி வாராரு. எல்லாத்தையும் நேர்ல அளப்பாரு. நம்ம ஊரு பொழச்சிரும் மாமி!"

கட்டிப்பிடிப்பாள் என்று எதிர்பார்த்தாள். கிரகோரியம்மாளின் முகத்தில் ரத்தமே இல்லை.

"எடு" என்றாள் மெதுவாக. அவள் மெதுவாகப் பேசி பிலோமி கேட்டதே இல்லை. "ஏறிப் போயி அண்டாவ எடுட்டி. இப்பமே."

"மாமி, எடுத்தா ஊரு போயிரும்!"

"அத்தைக்கு ரசத்தப் பத்திக் கவலை" என்றான் இன்னாசி. கிரகோரியம்மாள் பார்த்த பார்வையில் ஏணியைவிட்டு இரண்டடி தள்ளிப் போனான்.

அதற்குள் தெற்கே வானத்தில் ஒரு புள்ளி இரைந்துகொண்டு வந்தது.

நான்கு விசிறி வைத்த ஆணையத்தின் வண்டி கடற்கரையில் மணலை வாரியிறைத்தபடி இறங்கியது. காய்ந்துகொண்டிருந்த கருவாட்டின் மேல் மணல் விழ, பெண்கள் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினார்கள். வண்டியிலிருந்து இறங்கியவருக்கு ஐம்பது வயதிருக்கும். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஓடி வந்தவர் போல மூச்சு வாங்கினார்.

"தணிகாசலம். கரை ஆணையம்" என்றார். அண்ணாந்து மாடியைப் பார்த்தார். "அது என்னம்மா, குமிழுக்குத் தொப்பியா?"

"அண்டா சார். நான்தான் வச்சேன்."

"தெரிஞ்சா வச்சீங்க?"

"தெரிஞ்சுதான். ரெண்டு வருஷமா எழுதிப் போடுதேன், ஒருத்தரும் வரல. எங்களுக்கு வடக்கேயும் தெக்கேயும் இருக்கிற அலைமானியில கடல் இவ்வளவு ஏறல. இங்க மட்டும் ரெண்டு மடங்கு ஏறியிருக்குன்னு காட்டுது. கடல் என்ன எங்க ஊருக்கு முன்னாடி மட்டும் எக்கி நிக்குமா? 'குடா நீரோட்டம் காரணம், மேல்நடவடிக்கை தேவையில்லை'ன்னு ஒத்தை வரியில பதில் வந்துச்சு. எந்த மேதாவி எழுதுனானோ!"

"நான்தான் எழுதினேன்" என்றார் தணிகாசலம்.

இன்னாசி இருமினான்.

"கேக்கிறது நியாயம்தான்" என்றார் அவர், கோபப்படாமல். பெண்கள் சுற்றி நின்றார்கள். அவர்களுக்கும் சேர்த்துச் சொல்வது போலப் பேசினார். "தண்ணியில ஒரு ஆள் நிக்கிறான். நேத்து முழங்கால் வரைக்கும் தண்ணி. இன்னைக்கு இடுப்பு வரைக்கும். தண்ணி ஏறிச்சா, இல்ல ஆள் சேத்துல புதைஞ்சானா? அவனைக் கேட்டா அவனுக்கே தெரியாது. அலைமானியும் அப்படித்தான். கரையில நின்னுக்கிட்டுத் தண்ணியை அளக்கும். கரையே இறங்கினா அதுக்குத் தெரியாது. அதுக்குத்தான் மேலேருந்து செயற்கைக்கோள். அவன் தலை எங்க இருக்குன்னு பார்த்துச் சொல்லிடும். உங்க ஊர் ஒரு நூல்கூட இறங்கலைன்னு அந்தக் குமிழ் சொல்லுது. அப்போ ஏறினது கடல்தான்."

"குமிழ் சரியா இருக்கட்டும். அலைமானி கெட்டுப்போயிருந்தா?"

"பார்த்துடுவோம்."

படகுத்துறைக்குப் போய் அலைமானியைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே ஒரு குறையும் இல்லை. மிச்சமிருந்தது தரை ஒன்றுதான். தணிகாசலம் வண்டியிலிருந்து முக்காலி வைத்த ஒரு சின்னக் குமிழை எடுத்துவந்து ஏலக்கூடத்தின் முன்படியில் நிறுத்தினார்.

"சார், அங்கன இல்ல" என்றாள் பிலோமி. "அளவுக்கல்லு வேப்பமரத்துக்கிட்ட இருக்கு. தரையில பதிச்ச கல்லு மேலதான வைக்கணும்?"

"இங்கேயே போதும்."

"விதிப்படி கல்லு மேல சார்."

"அங்க மரம் மறைக்கும்மா. ஆட்டுப் புழுக்கை வேற."

எவ்வளவு வேலை தெரியாத மனுஷனை அனுப்பியிருக்கிறார்கள் என்று பிலோமிக்கு எரிச்சல் வந்தது. துடைப்பத்தை எடுத்துப்போய்க் கல்லைச் சுற்றிப் பெருக்கினாள். மறைத்த கிளையை இன்னாசியை வெட்டச் சொன்னாள். முக்காலியைத் தானே தூக்கிவந்து கல்லின் பித்தளைப் பொட்டுக்கு நேராக நிறுத்தினாள். தணிகாசலம் மறுக்க முடியாமல் பொத்தானை அழுத்தினார்.

"அரை மணி ஆகும். அளந்து முடிஞ்சதும் நேரா ஆணையத்துக்குப் போயிடும். அப்புறம் என் கையிலயும் இல்லை, உங்க கையிலயும் இல்லை" என்றார். பிறகு யாரிடமோ சொல்வது போல, "எங்க ஊரும் கடலோரம்தான். டெல்டா பக்கம். நிலம் இறங்கிடுச்சு. அம்மாவுக்கு ஒரு மாவட்டத்துல ஃபிளாட் குடுத்தாங்க, அண்ணனுக்கு வேற மாவட்டம். அம்மா போனப்போ தூக்குறதுக்கு நாலு பேர் இல்லை. லிஃப்ட் ரிப்பேருக்கு வந்த ரெண்டு பேர் கை குடுத்தாங்க" என்றார்.

பிலோமி திரும்பிக் கிரகோரியம்மாளைத் தேடினாள். அவள் கூட்டத்தில் இல்லை.

ஏலக்கூடத்தின் பின்பக்கம் தகரம் அசையும் சத்தம். கூடத்தின் அடிப்பக்கத்தைச் சுற்றிலும் துத்தநாகத் தகடு அடித்திருந்தார்கள், எலி போகாமல் இருக்க. அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். அதில் ஒரு தகடு விலகிக் கிடந்தது. பிலோமி குனிந்து பார்த்தாள். இருட்டில் கிரகோரியம்மாளின் சேலை தெரிந்தது.

தவழ்ந்து உள்ளே போனாள்.

கட்டடத்துக்கு அடியில் இடம் இருக்கக் கூடாது. இருந்தது. ஒரு ஆள் குனிந்து உட்காரும் அளவுக்கு மணலைத் தோண்டி எடுத்திருந்தார்கள். சுவருக்கு அடியில் வரிசையாக ஜாக்கிகள். புன்னைத்துறையில் ஜாக்கி ஒன்றும் புதிதில்லை. மழைக்கு வீட்டுக்குள் தண்ணீர் வர ஆரம்பித்ததிலிருந்து ஊரில் பாதி வீடுகளை ஜாக்கி வைத்துத்தான் தூக்கியிருந்தார்கள். ஆனால் ஏலக்கூடத்தை? குமிழ் இருக்கும் ஏலக்கூடத்தை?

கிரகோரியம்மாள் ஒரு ஜாக்கியின் கைப்பிடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். "கிழக்கு மூலையில இந்த மூணாவது சனியன் மட்டும் எப்பவும் இறுகிக்கும்."

"மாமி... என்ன இது?"

"தெரியலையா? ஜாக்கி."

"கட்டடத்தத் தூக்கியிருக்கியளா?"

"ஒரேயடியாத் தூக்குனா மிஷினுக்குச் சந்தேகம் வந்துரும்னு நீதான சொன்ன. போன வருஷம் அசனத்துக்கு வெங்காயம் உரிக்கையில. படக்குன்னு ஏறுனா கோளாறுன்னு நெனைக்கும், மெதுவா மாறுனா நம்பிரும்னு. அதான் வாரா வாரம் கால் திருகு. ஊரு எவ்வளவு இறங்குதோ அவ்வளவு. நீ வாசல்ல போர்டுல எழுதிப் போடுத கணக்கப் பாத்துத்தான் திருகுனோம்."

"எப்பம் செஞ்சிய? எனக்குத் தெரியாம?"

"ஞாயித்துக்கிழமை பூசை நேரத்துல. நீ கோயில்ல கீபோர்டு வாசிக்கப் போயிருவல்லா? சங்கத்துப் பொம்பளைய பூசைக்கு வாரதில்லன்னு சாமியாரு பிரசங்கத்துல திட்டுனாரே, நரகத்துக்குப் போவிய, அது இதுன்னு. அதுவும் உன்னாலதான்."

சிரிக்க வேண்டிய பேச்சு. இருவரும் சிரிக்கவில்லை.

"அப்பம் கடல் ஏறல" என்றாள் பிலோமி.

"ஏறுது. எல்லா ஊர்லயும் ஏறுத மாதிரி. மிச்சமெல்லாம் நம்ம தரை இறங்குனது. மேக்க அத்தன இறால் பண்ணைக்காரனும் ராத்திரி பகலா நிலத்தடித் தண்ணிய உறிஞ்சுதான். அடியில தண்ணி போனா மேல மண்ணு உக்காராம என்ன செய்யும்? கேஸ் போட்டோம். 'உங்க வீட்லயும் போர்க்கெணறு இருக்கே'ன்னு கேட்டான் பண்ணைக்காரன் வக்கீலு."

"அத ஆணையத்துல சொல்லியிருக்கலாம்லா!"

"சொன்னா?" கிரகோரியம்மாள் கைப்பிடியை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினாள். "சட்டம் உனக்குத் தெரியாதா? கடல் ஏறி ஊரு போனா, ஊரோட கொண்டுபோயி வேற கரையில வைப்பான். கோயிலு, பள்ளிக்கூடம், படகுத்துறை எல்லாத்தோட. உலகத்துக்காரன் பணம். தரை இறங்கிப் போச்சுன்னா அது உள்ளூர்க் குத்தம். வீட்டுக்கு ஒரு சாவி, ஆளுக்கு ஒரு ஊரு. பக்கத்து மணல்குடிக்காரங்க இப்பம் எங்க இருக்காவ, சொல்லு பாப்பம்?"

மணல்குடியில் பிலோமியோடு படித்தவள் ஓசூரில் இருக்கிறாள். அவளுடைய தம்பி ஆரணியில். கடலைப் பார்த்து எத்தனை நாளாச்சு என்று போனில் அழுதாள்.

"அப்பம் கலெக்டர்கிட்ட, பொணத்து மேல நடந்து போன்னு கத்துனது?"

"போறோம்னு சொன்னா ஆளுக்கொரு பக்கம் அனுப்பிருவான். போமாட்டோம்னு ஒண்ணா நின்னாத்தான் ஒண்ணாக் கொண்டுபோவான். இன்னைக்கு மத்தியானத்தோட முடிஞ்சிருக்கும். நீ அண்டாவத் தூக்கிட்டுப் போயிட்ட."

பிலோமி தரையைப் பார்த்தாள். ஈர மணல். ஊர் பிழைத்துவிடும் என்று நம்பியது இந்த மணலைத்தான். அது ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தது. அவள் தினமும் சாக்பீஸால் அந்தக் கணக்கை எழுதி வைத்துக்கொண்டே பார்க்காமல் இருந்திருக்கிறாள்.

"பொய்க் கணக்குல்லா மாமி" என்றாள். "நாளைக்கு எவனாவது இத வச்சுத்தான் இன்னொரு ஊருக்குக் கோடு போடுவான்."

"தெரியும். கடல் மேல பழியப் போட்டுட்டேன். அதுக்கு மட்டும் அதுகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன்." கிரகோரியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "இறால் பண்ணைக்காரன் மன்னிப்புக் கேக்கட்டும், நான் நாளைக்கே எல்லாத்தையும் இறக்கிருதேன்."

"இவ்வளவு ஜாக்கி எங்கன கெடச்சுது?"

"ஒரு மனுஷன் குடுத்தாரு. பேரு கேக்காத."

தலைக்கு மேலே ஏலக்கூடத்தின் தளத்தில் காலடிச் சத்தம். தணிகாசலம் நடந்துகொண்டிருந்தார்.

வேப்பமரத்தடியில் கல்லின் மேல் ஒரு குமிழ் அளந்துகொண்டிருப்பது அப்போதுதான் பிலோமிக்கு உறைத்தது. தரையை அளக்கிறது. கட்டடத்தோடு சேர்ந்து உயர்ந்த முன்படியை அல்ல, உண்மையான தரையை. அவளேதான் பெருக்கிக் கிளை வெட்டிக் கொண்டுபோய் வைத்தாள்.

தகட்டை உதைத்துக்கொண்டு வெளியே வந்து ஓடினாள். கருவாட்டுப் பாயை மிதித்தாள்; யாரோ திட்டினார்கள். முக்காலியின் மேல் பச்சை விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. திரையில் வட்டம் கிட்டத்தட்ட நிறைந்துவிட்டது. ஒரு கணம் நின்றாள். பத்து வருஷமாக ஓர் எண்ணைக்கூட அவள் மாற்றி எழுதியதில்லை. புயலன்று இடுப்பளவு தண்ணீரில் நின்று அலைமானியைப் படித்தவள்.

முக்காலியை அப்படியே தூக்கினாள்.

வட்டம் அழிந்து திரை வெறுமையானது. தூக்கிக்கொண்டு நடந்து ஏலக்கூடத்தின் முன்படிக்கு வந்தாள். படியில் தணிகாசலம் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ.

"மரம் மறைக்குது சார்" என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "நீங்க சொன்ன இடந்தான் சரி."

அவர் முக்காலியை வாங்கி, முதலில் தான் வைத்த அதே படியில் வைத்துப் பொத்தானை அழுத்தினார். மறுபடியும் அரை மணி. வட்டம் நிறைந்தது. 'தரைமட்டம்: மாற்றம் இல்லை.'

தணிகாசலம் சட்டைப்பையிலிருந்து ஒலிப்பதிவுக் கருவியை எடுத்து அவள் முன் நீட்டினார். "விதிப்படி ஒரு கேள்வி. நிலையக் காப்பாளர் பிலோமினா இன்னாசி, குமிழ் பொருத்திய கட்டடத்தில் இந்த வருஷங்களில் ஏதாவது மாறுதல் செய்யப்பட்டதா?"

கூட்டத்தில் இன்னாசி நின்றான், ஒன்றும் தெரியாமல். அவனுக்குப் பக்கத்தில், சேலையில் ஈர மணலோடு, கிரகோரியம்மாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு சங்கத்துப் பெண்கள். ஒருத்திகூடக் கண்ணை எடுக்கவில்லை. இந்தக் கேள்விக்கு 'ஆமாம்' என்றால் இந்தக் கைகள் ஓசூருக்கும் ஆரணிக்கும் போகும். 'இல்லை' என்றால், தான் பிறந்த தெருவைத் தன் வாயாலேயே கடலுக்குக் கொடுத்துவிட வேண்டும்.

"பெயிண்ட் அடிச்சோம் சார்" என்றாள் பிலோமி. "வேற ஒண்ணும் இல்ல."

"நன்றி." கருவி அணைந்தது.

அவளே ஏணியில் ஏறி அண்டாவை எடுத்தாள். இன்னாசி கீழே பிடித்துக்கொண்டான். இந்த முறை கத்தவில்லை. அவள் மாடியிலிருந்து இறங்குவதற்குள் ஊர் முழுக்க ஒரே நேரத்தில் கைப்பேசிகள் அலறின. புன்னைத்துறை, கடலெழுச்சியால் இழந்த ஊர். ஆறு மாதத்துக்குள் முழு ஊரும் ஒன்றாக வடக்கே புதுக்கரைக்கு மாற்றப்படும்.

முதல் ஒப்பாரி கிரகோரியம்மாளுடையது. மார்பில் அடித்துக்கொண்டு, ஆணையம் விளங்குமா, குமிழ் வெடிக்காதா, ஏ தொப்பைக்காரா உனக்குக் கஞ்சி கிடைக்குமா என்று தணிகாசலத்தை வண்டிவரைக்கும் விரட்டிக்கொண்டு போனாள். அழுகை மட்டும் நடிப்பாகத் தெரியவில்லை. பிலோமியும் அழுதாள். படகுத்துறையில் தண்ணீர் ஒன்றும் நடக்காதது போலப் படியை நக்கிக்கொண்டிருந்தது.

வண்டியின் விசிறிகள் சுழல ஆரம்பித்தன. தணிகாசலம் பிலோமியைக் கையசைத்துக் கூப்பிட்டார். அண்டா விஷயம் வருகிறது என்று நினைத்தாள். வேலை போகட்டும்.

"அண்டாவைப் பத்தி நான் எதுவும் எழுதலை" என்றார். "காக்கா கூடு கட்டினதா எழுதிக்கிறேன். வேற ஆள் கிளம்புறதுக்குள்ள ஓடி வர வேண்டியதாப் போச்சு. இன்னொரு தடவை இப்படிச் செய்யாதீங்க."

"சரி சார்."

அவர் இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து அவள் கையில் வைத்தார். கனமாக இருந்தது. மூடியைச் சுற்றிப் பிசுபிசுப்பு. கிரீஸ்.

"நீங்க எல்லாரும் இங்கேருந்து கிளம்புற வரைக்கும் கட்டடம் இறங்கக் கூடாது" என்றார் தணிகாசலம். ஏலக்கூடத்துக்கு அடியில் அன்று தலையைக்கூட நுழைக்காத மனிதர். "உப்புக்காத்துல துருப்பிடிக்கும். கிழக்கு மூலையில மூணாவதுக்குக் கொஞ்சம் கூடப் பூசச் சொல்லுங்க. வாங்கும்போதே அது இறுகலாத்தான் இருந்தது."